காட்டப்படும் பண்ணையும் கணக்கில் நின்ற பண்ணையும்

பயண நூல் இலக்கியமாகுமா என்னும் வினா நம் புலவரிடையே பன்முறை எழுந்ததுண்டு. சென்ற இடத்தைக் கண்டவாறு கூறுதல் செய்தியாகும். கண்டவன் யாவன், எவ்வாயில் வழியே உட்புகுந்தான், யாருடைய உணவை உண்டு யாருடைய நிழலில் அமர்ந்து கண்டான் என்பவை அவன் எழுத்தில் எங்ஙனம் படிந்துள்ளன என நோக்குதல் திறனாய்வின்பாற் படும். இந்நோக்கிற்கு மெக்சிகோ நாட்டின் யுகட்டான் தீபகற்பத்திலுள்ள பழம் பண்ணைமனைகள் பெரிதும் ஏற்றவை. 1840 முதல் இன்றுவரை பல திறத்தார் அவற்றைச் சென்று கண்டுள்ளனர். உடையவரின் விருந்தினராய்ச் சென்றவர் உளர். நாட்டுத் தலைவராய்ச் சென்றவர் உளர். நிலம் வாங்க வந்தவர்போல் வேடம் பூண்டு சென்றவர் உளர். இன்று கட்டணச் சீட்டுப் பெற்றுச் செல்வோர் உளர். இவர் யாவரும் நுழைந்த வாயில் ஒரே வகையினது. இவர் கண்ட பண்ணை ஒன்றன்று. இவ்வேறுபாடு எதனால் விளைந்தது என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுவது.

முதற்கண் சொல்லை நோக்குவோம். 'அசியெண்டா' என்னும் இசுபானியச் சொல், செய்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையடியிற் பிறந்தது. 'செய்தற்குரியவை' என்பது அதன் முதற்பொருள். பின்னர் உடைமை, பெருநிலம் எனப் பொருள் விரிந்து, மெக்சிகோவில் அரசின் நிதித்துறைக்கும் பெயராய் இன்றும் வழங்குகிறது. தமிழில் இதற்குப் 'பண்ணை' என்னும் சொல்லை ஆளுதல் மிகவும் பொருந்தும். பண்ணுதல் என்னும் வினையோடு உறவுடைய இச்சொல்லும் செயலினின்று நிலத்திற்கும், நிலத்தினின்று உடைமைக்கும் பொருள் விரிந்ததே. அன்றியும், 'பண்ணையார்', 'பண்ணையாள்' என ஒரே சொல்லடியாக உடையவனுக்கும் உழைப்பவனுக்கும் தமிழ் பெயர் தந்துள்ளது. இசுபானியத்தில் உழைப்பவன் 'பெயோன்' எனப்படுவான். காலால் நடப்பவன் என்பது அதன் பழம்பொருள். யுகட்டானின் பெருநிலக் குடும்பங்களுள் மிகப் புகழ்பெற்ற ஒன்றன் குடிப்பெயரும் பெயோன் என்பதே! அக்குடும்பத்தார் குதிரையிலும் வண்டியிலும் சென்றனர் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

மெரிடா நகரிலிருந்து உஷ்மால் இடிபாடுகளை நோக்கித் தெற்கே செல்லும் நெடுஞ்சாலையில் யாஷ்கோபோயில் என்னும் பண்ணை உள்ளது. பெயர் மாயா மொழியினது. 17ஆம் நூற்றாண்டில் தோன்றிய இப்பண்ணை, தன் உயர்நிலைக் காலத்தில் 11,000 ஹெக்டேர் பரப்புடையதாயிருந்தது என்பர். மூரியர் கட்டட முறையைத் தழுவிய இரட்டை வளைவு வாயில் அதன் முகப்பில் நிற்கிறது. அதனைக் கடந்து செல்வோர் தூண்கள் நிரைத்த நெடுந்தாழ்வாரத்தையும், உயர்ந்த கூரையுடைய அறைகளையும், ஐரோப்பியத் தட்டுமுட்டுப் பொருள்களையும் காண்பர். அருகில் கிடைத்த பழைய மாயா மட்கலங்கள் ஓர் அறையில் வைக்கப்பட்டுள்ளன. புறத்தே நார் உரிக்கும் பொறிகள் நின்ற கூடம் உள்ளது. அங்குச் செல்வோர் மனத்தில் முதலில் தோன்றுவது அமைதி. பயணக் குறிப்பு எழுதுவோர் பலரும் அவ்வமைதியையே பாடுகின்றனர். அது பண்ணைக்கு உரியதன்று. பண்ணை நின்றுபோன பின் அவ்விடத்திற்கு வந்தது. பொறி ஓடிய நாளில் அங்குக் கேட்டவை விடியுமுன் அடிக்கும் மணியோசையும், உருளையின் இரைச்சலும், இலைக்கட்டுக்களை ஏற்றிவந்த சிறு தண்டவாள வண்டிகளின் ஓசையுமே. இலைச் சாற்றின் புளித்த நாற்றம் இருப்பிடம் வரை வந்திருக்கும். பழமைச் சுவையில் ஈடுபடுவோர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை.

இன்று எஞ்சி நிற்பவை இவையே ஆனதற்குக் காரணம் உண்டு. உழைப்போர் குடில்கள் கழியாலும் மண்ணாலும் ஆகி, பனையோலை வேயப்பெற்றவை. மழையும் கறையானும் அவற்றை உண்டன. உடையவர் இல்லம் சுண்ணக்கல்லால் ஆனது. இஃது இயற்கை செய்த தேர்வு. சட்டம் செய்த தேர்வும் ஒன்றுண்டு. 1937இல் குடியரசுத் தலைவர் லாசரோ கார்தெனாஸ் யுகட்டானின் நார்ப் பண்ணை நிலங்களைப் பிரித்து ஊர்ப் பொதுவுடைமையாக்கியபோது, வயல்களிற் பெரும்பகுதி உழைப்போரைச் சேர்ந்தது; பண்ணையின் நடுவிடமான இல்லம் உடையவரிடமே நின்றது. நிலத்தை இழந்த இல்லம் வருவாய்க்கு வேறு வழி காண வேண்டியதாயிற்று. சில இடிந்தன, சில பின்னாளில் விருந்தினர் விடுதிகளாயின, சில காட்சியகங்களாயின. ஆகவே, 'பண்பாட்டு மரபு' என இன்று நமக்குக் காட்டப்படுவது, நிலச் சீர்திருத்தம் தொடாது விட்ட பகுதியே என்க.

பண்ணையின் செல்வம் எனெக்கென் என்னும் கற்றாழை. நம் நாட்டில் இருப்புப்பாதை ஓரங்களில் வேலியாக நடப்பெற்ற அயற்கற்றாழையின் நெருங்கிய இனம் இது. இதன் நார் ஏற்றுமதியான சிசால் துறைமுகத்தின் பெயரே உலகச் சந்தையில் நாருக்குப் பெயராயிற்று. நட்டபின் ஏறத்தாழ 7 ஆண்டுகள் காத்திருந்தே முதல் இலையை அறுக்க இயலும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் யுகட்டான் மக்களே நார் உரிக்கும் பொறியை ஆக்கினர். அந்நூற்றாண்டின் இறுதியில் வட அமெரிக்கக் கோதுமை வயல்களின் அறுவடைப் பொறிகள் கதிர்க்கட்டுக்களைக் கட்ட இக்கயிற்றை வேண்டின. கால்நடை மேய்ந்த நிலமெல்லாம் கற்றாழைக் காடாயிற்று. 1902இல் ஓலேகாரியோ மோலினாவின் வணிக நிலையம் சிக்காகோ நகர அறுவடைப்பொறி நிறுவனத்தோடு செய்த உடன்பாடு நாரின் விலையை அயலார் கையில் வைத்தது. இப்பொருளியல் வரலாற்றைக் காட்சியகங்கள் ஓரளவு நன்கு விளக்குகின்றன. பொறியைக் காட்டுதல் எளிது. அதனை ஊட்டிய கைகள் எவ்வாறு அங்கே நிறுத்தப்பட்டன எனக் காட்டுதலே அரிது.

கைகளை நிறுத்தியது கணக்கு. இதனைச் சற்று விரித்துரைப்போம்.

மெக்சிகோ 1829இல் அடிமை முறையை ஒழித்தது. ஆகவே யுகட்டான் பண்ணைகளில் சட்டப்படி அடிமைகள் இலர், கடன்பட்டோர் இருந்தனர். ஒவ்வொருவனுக்கும் இருவகைக் கணக்குகள் எழுதப்பட்டன. ஒன்று 'சிச்சான் குவென்டா'. மற்றொன்று 'நொஹோச் குவென்டா'. 'சிச்சான்' என்பது மாயா மொழியில் சிறியது. 'நொஹோச்' என்பது பெரியது. 'குவென்டா' என்பது கணக்கைக் குறிக்கும் இசுபானியச் சொல். சிறுகணக்கில் நாள்தோறும் பண்ணைக் கடையில் பெற்ற சோளமும் துணியும் ஏறின. கூலியால் அது குறையவும் கூடும். பெருங்கணக்கு திருமணம் போன்ற பெருநிகழ்ச்சிகளில் திறக்கப்படும். பண்ணையார் முன்பணம் தந்து மணம் முடித்து வைப்பார். அத்தொகை ஏட்டில் ஏறும். அதனை அவர் கேட்பதில்லை. கேளாமையே அதன் வலிமை. உழைப்பவன் வேறிடம் செல்ல விரும்பும் நாளில் மட்டும் அது முழுதும் எழுந்து வந்து நிற்கும். பண்ணையை விட்டு நீங்குவோன் தன் கடன்நிலை குறித்த 'கார்த்தா குவென்டா' என்னும் சீட்டைக் காட்ட வேண்டும். அஃதின்றி வேறு பண்ணை அவனை ஏற்பதில்லை. இலங்கைத் தோட்டங்களில் 1921இல் ஒழியும்வரை வழங்கிய 'துண்டு' முறையை அறிந்தோர்க்கு இச்சீட்டின் தன்மையை விளக்க வேண்டுவதில்லை.

இத்தொடர்களின் அமைப்பும் கருதத்தக்கது. அடைமொழி உழைப்பவன் மொழி. பெயர்ச்சொல் உடையவன் மொழி. கணக்கு என்னும் பொருள் வெளியிலிருந்து வந்தது. அது தனக்குச் சிறிதா பெரிதா என அளந்து பெயரிட்டவன் மாயாக் குடிமகன். இருமொழி கலந்த இச்சிறு தொடர்கள் இரண்டும் அப்பண்ணைகளின் வரலாற்றை எந்த வளைவு வாயிலினும் தெளிவாகக் கூறுகின்றன என்பது எம் துணிபு. ஆயின் கற்றூணுக்கு விளக்கப் பலகை உண்டு; இச்சொற்களுக்கு அத்தகைய இடம் கிடைப்பது அருமை. பண்ணைக்குள் மட்டும் செல்லுபடியான உலோக வில்லைகள் கூலியாகத் தரப்பட்டன. அவை இன்று பழங்காசு தொகுப்போர் விரும்பித் தேடும் பொருள்களாயுள்ளன.

இனிப் பயண நூல்களுக்கு வருவோம். ஜான் லாய்ட் ஸ்டீபன்ஸ் என்னும் அமெரிக்கர் ஓவியர் கேதர்வுட்டோடு 1840இல் யுகட்டானுக்கு வந்தார். பெயோன் குடும்பத்தாரின் உதவியால் பண்ணை பண்ணையாகத் தங்கி உஷ்மால் சென்றார். 1841இல் வெளியான அவர் நூல் மாயாத் தொல்லியலின் தொடக்க நூல்களுள் ஒன்றாகப் போற்றப்படுவது. அது கடனுக்கு முந்திய பிணைப்பையும் கூறுகிறது. யுகட்டானின் சுண்ணக்கல் நிலத்தில் ஆறுகள் இல்லை. நீர் நிலத்தின் கீழ் உள்ளது. கிணறும் தொட்டியும் பண்ணையாருடையவை. அந்நீரை உண்பதற்கு ஈடாக மக்கள் திங்கட்கிழமைதோறும் உழைத்தனர். கிழமைப் பெயரால் 'லுனேரோ' எனப்பட்டனர். ஒரு வழிப்போக்கர் இத்துணை நுட்பமாக இதனை உணர்ந்தது பாராட்டத்தக்கது.

1843இல் வெளியான மற்றொரு நூலில் ஷ்கஞ்சகான் பண்ணையில் நிகழ்ந்த ஒன்றை அவர் வருணிக்கிறார். ஓர் இளைஞன் மண்டியிட்டு மற்றொருவன் கால்களைத் தழுவி முதுகை நீட்டுகிறான், சவுக்கடி விழுகிறது, ஒவ்வோர் அடிக்கும் அலறுகிறான், முடிவில் முழந்தாளால் ஊர்ந்து சென்று மேற்பார்ப்போன் கையை முத்தமிட்டுச் செல்கிறான். இவ்வளவும் நேரிற் கண்டவர் எழுதிய செம்மையான எழுத்து, மிகையில்லை, அழுகையில்லை. ஆயின் இறுதியில் அடிபட்டவன் உள்ளத்தில் இழிவுணர்ச்சி எதுவும் தோன்றவில்லை என ஆசிரியர் முடிக்கிறார். இஃது எவ்வாறு அறியப்பட்டது? அவனோடு அவர் பேசியதாக அங்கு ஒன்றுமில்லை. கையை முத்தமிட்ட செயலைக் கண்டு உள்ளத்தை உய்த்துணர்ந்தார். கண் கண்டதை எழுதியவரை அக்கடைசி வாக்கியத்தில் காணோம். தாழ்வாரத்தில் அமர்ந்த விருந்தினரே அங்குப் பேசுகிறார். தங்குமிடம் தந்தவரைப் பழிக்க ஒண்ணாமையும், கண்டதை மறைக்க ஒண்ணாமையும் அவரை இரு பக்கமும் இழுத்தன. அவ்விழுப்பை மறைக்காது விட்டமையால் அவர் நூல் இன்றும் கற்கத்தக்கதாயுள்ளது.

1906 பிப்ரவரியில் மெக்சிகோவின் தலைவர் போர்ஃபிரியோ தியாஸ் யுகட்டான் வந்து, பெயோன் குடும்பத்தவர் ஒருவரின் சுஞ்சுக்மில் பண்ணையைப் பார்வையிட்டார். அவர் வருகைக்கென உழைப்போர்க்குப் புத்தாடை உடுத்தினர் என்றும், அவர்தம் குடில்களில் கட்டில்களும் தையற்பொறிகளும் கொண்டுவந்து வைத்தனர் என்றும், தலைவர் நீங்கியதும் அப்பொருள்கள் வணிகரிடமே திரும்பிச் சென்றன என்றும் அக்கால எழுத்துக்கள் கூறும். விருந்தில் பேசிய தலைவர் யுகட்டானில் அடிமை முறை இல்லை என்று மறுத்துரைத்தார். எம் ஆராய்ச்சிக்கு இந்நிகழ்ச்சி நடுநாயகமானது. பண்ணையைப் பிறர் காண்பதற்கென ஒப்பனை செய்யும் வழக்கம் சுற்றுலாத் தொழிலால் வந்ததன்று; பண்ணை முழு வலிமையோடு இயங்கிய நாளிலேயே அவ்வழக்கம் இருந்தது. காட்சிப் பண்ணைகளுள் முற்பட்டது சுஞ்சுக்மில் எனலாம்.

மூன்றாண்டு கழித்து இரு நூல்முயற்சிகள் தோன்றின. ஆர்னால்ட், ஃபிராஸ்ட் என்னும் ஆங்கிலேயர் இருவர் 1909இல் யுகட்டானை 'அமெரிக்க எகிப்து' எனப் பெயரிட்டு நூல் வெளியிட்டனர். மாயா இடிபாடுகளைக் காண வந்தவர்கள், வாழும் மாயா மக்களின் நிலையைக் கண்டு சினந்தெழுதினர். அவ்வாண்டிலேயே ஜான் கென்னத் டர்னர் என்னும் அமெரிக்க இதழாளர் தம் கட்டுரைகளை வெளியிடத் தொடங்கினார். 1910இல் அவை 'காட்டுமிராண்டி மெக்சிகோ' என நூலாயின. அவர் கையாண்ட வழி புதிது. பண்ணை வாங்க வந்த செல்வர்போல் நடித்தார். விருந்தினரிடம் எவரும் விலை கூறார். வாங்க வந்தவரிடம் கூறியே ஆகவேண்டும். ஆள் ஒருவனுக்கு 400 பெசோ என அவரிடம் கூறினர். ஒவ்வொருவன் கடனும் வெவ்வேறாயிருக்க, விலை மட்டும் ஒன்றாயிருப்பது எங்ஙனம் என அவர் வினவுகிறார். கடன் என்பது சட்டத்திற்காக அணிந்த போர்வையே என இவ்வினா ஒன்றே காட்டிவிடுகிறது. இருவகைக் கணக்கின் உட்பொருளை இதனினும் சுருக்கமாக விளக்கியவர் இலர்.

டர்னர் நூலில் குறைகள் இல்லாமல் இல்லை. எண்களில் அவர் கைதாராளமானவர். பண்ணைகளில் கொரியர் 3,000 பேர் இருந்தனர் என எழுதினார். 1905இல் இல்ஃபர்ட் என்னும் கப்பலில் புறப்பட்டவர் 1,033 பேர் என்பதே பதிவு. மேலும், அவர் நூலில் உரையாடுவோர் பெரும்பாலும் உடையவரும் மேற்பார்ப்போருமே. மாயாக் குடிமக்களின் சொல் அருகியே வருகிறது. வாங்குபவர் வேடம் விலையை வெளிப்படுத்திற்று. ஆயின் விற்கப்படுவோனை வாய்திறக்கச் செய்ய அவ்வேடத்தால் இயலவில்லை. 1914இல் எலெயுதேரியோ ஆவிலா கடன்பிணைப்பை நீக்கும் ஆணை பிறப்பித்தார். 1915இல் மெரிடாவிற்குள் புகுந்த சால்வதோர் ஆல்வரதோ அதனை நடைமுறைக்குக் கொணர்ந்தார்.

பயண நூல்களின் இக்குறையை நிரப்ப முயன்றவை கதை நூல்கள். எர்மிலோ அப்ரேயு கோமெஸ் 1940இல் வெளியிட்ட 'கனெக்' என்னும் நூல், 1761இல் கிஸ்தேயில் ஊரில் கிளர்ந்தெழுந்து மெரிடாவில் கொல்லப்பட்ட ஹாசிந்தோ கனெக்கைப் பண்ணை ஒன்றில் வாழ்பவனாகப் படைக்கிறது. அங்குள்ள நோயாளிச் சிறுவன் ஒருவனோடு அவன் கொள்ளும் நட்பு ஆசிரியர் கற்பனை. சிறு சிறு துணுக்குகளாய் அமைந்த அந்நூலின் முற்பகுதி மென்மை மிக்கது. பிற்பகுதி அநீதியையும் போரையும் பற்றியது. வரலாற்றுக்கு மாறாகப் பண்ணையைப் புகுத்தினார் எனச் சிலர் குறை கூறக்கூடும். பண்ணையின் உள்ளிருந்து ஒரு மாயா மனிதன் பேசுவதற்கு அதனினும் வேறு இடம் யாதுளது? அம்மாற்றத்தை யாம் குற்றமாகக் கொள்ளோம்.

கொரிய ஆசிரியர் கிம் யோங் ஹா 2003இல் எழுதிய 'கருமலர்' என்னும் புதினம் மேற்கூறிய 1,033 பேரின் கதை. நான்காண்டு ஒப்பந்தத்தில் வந்து, ஒப்பந்தம் முடிந்தபோது திரும்புவதற்குத் தம் நாடு தன்னுரிமை இழந்து வந்ததைக் கண்டவர் அவர். எனெக்கென் என்னும் சொல்லே கொரிய நாவில் திரிந்து அம்மக்களுக்குப் பெயராயிற்று என்பது மொழியாராய்ச்சியாளர் குறித்துக்கொள்ளத்தக்கது. செடியின் பெயரே மக்கட்கூட்டத்தின் பெயராதல் அரிய நிகழ்ச்சி. யாஷ்கோபோயில் போன்ற இடங்களுக்குச் செல்லும் நம் மாணவர், வழிகாட்டிக் குறிப்பேட்டோடு இப்புதினத்தையும் கொண்டு செல்லுதல் நன்று.

இன்றைய காட்சி முறைக்கு வருவோம். சில பண்ணைகளில் இலை நாராகும் முறையைச் செய்து காட்டுகின்றனர். பழைய தண்டவாளத்தில் விலங்குகள் இழுக்கும் வண்டியில் பயணிகளை ஏற்றிச் செல்கின்றனர். செய்முறை அறிவு அழியாது காக்கப்படுதல் நன்றே. அவ்வேலை இன்றைய மாயா ஊரார்க்குக் கூலியும் தருகிறது. இதனை இகழ்வோர் ஊரார் வயிற்றை எண்ணாதவர். தெமோசோன் பண்ணை விடுதியாகப் புதுக்கப்பட்டு, 1999 பிப்ரவரியில் மெக்சிகோ, அமெரிக்க நாடுகளின் தலைவர்கள் சந்தித்த இடமாகவும் ஆயிற்று. கட்டடங்கள் காக்கப்படுவதை யாம் மறுக்கவில்லை. எம் மறுப்பு நடைபற்றியது. 'பொற்காலம்', 'பழைய உலகின் எழில்' போன்ற தொடர்களால் விளக்கக் குறிப்பு எழுதுவோர், ஸ்டீபன்ஸின் கடைசி வாக்கியத்தையே அறியாது மீண்டும் எழுதுகின்றனர். அவர் கண்ட காட்சியை மட்டும் விட்டுவிடுகின்றனர். பொற்காலம் யாருக்கு என்னும் நான்காம் வேற்றுமையைச் சேர்த்தாலே அக்குறிப்புக்கள் பெரும்பாலும் திருந்திவிடும்.

இப்பொருள் பற்றித் தமிழில் எழுதவும் மொழிபெயர்க்கவும் முற்படுவோர்க்கு ஒன்று கூறுவோம். 'நொஹோச் குவென்டா' என்பதைப் 'பெருங்கடன்' எனப் பெயர்த்தல் எளிது. அவ்வாறு பெயர்த்தல் பொருந்தாது. கடன் என்னும் சொல் நம் வழக்கில் இறுத்தற்குரியது, தீர்த்தற்குரியது என்னும் எண்ணத்தை உட்கொண்டது. கடமை என்னும் சொல்லோடும் உறவுடையது. திருமண நாளில் திறக்கப்பட்ட அவ்வேட்டுப் பக்கம் தீர்க்கப்படுவதற்கென எழுதப்பட்டதன்று. ஆதலின் மாயா மக்கள் வழங்கியவாறே 'பெருங்கணக்கு' என்றும், மற்றதைச் 'சிறுகணக்கு' என்றும் ஆளுதலே தக்கது. 'கார்த்தா குவென்டா'விற்குக் 'கணக்குச் சீட்டு' என்பது போதும்.